அடியைத் திருப்பிப் பாருங்கள்: கண்ணாடிக் கலைப்பொருளும் பேர்பெற்ற நாற்காலியும் ஏலத்துக்கு வரும்போது

2023 கோடையில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பழைய சாமான்கள் விற்கும் குட்வில் கடை ஒன்றில் ஒரு பெண் கண்ணாடிக் குடுவை ஒன்றைக் கையில் எடுத்தார். சீசா வடிவம். சிவப்பும் கடல்நுரைப் பச்சையும் தூரிகையால் இழுத்ததுபோல உடம்பைச் சுற்றி ஓடின. விலை 3.99 டாலர். அடியில் மங்கலாக ஒரு முத்திரை இருந்தது. இது இத்தாலியின் முரானோ தீவில் செய்த கண்ணாடியாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதே ஆண்டு டிசம்பரில், சிகாகோவின் ரைட் ஏல நிறுவனம் அந்தக் குடுவையை 1,07,100 டாலருக்கு விற்றது. அதை வடிவமைத்தவர் கார்லோ ஸ்கார்ப்பா. வெனிஸை ஒட்டிய முரானோ தீவின் வெனினி பட்டறைக்காக 1940-களின் தொடக்கத்தில் அவர் உருவாக்கிய 'பென்னெல்லாத்தே' வரிசையைச் சேர்ந்தது. அந்த இத்தாலியச் சொல்லுக்கே தூரிகை வீச்சுகள் என்றுதான் பொருள்.

இதைக் கேட்டதும் எல்லோருக்கும் அதிர்ஷ்டம்தான் கண்ணில் படும். எனக்குக் கண்ணில் படுவது, அவர் அடியைப் பார்த்தார் என்பது. நவீனக் கண்ணாடிக் கலையும் வடிவமைப்பாளர் பெயரோடு வரும் மரச்சாமான்களும் சேகரிக்கப்படும் உலகத்தில் பாதி விஷயம் அடிப்பக்கத்தில்தான் இருக்கிறது. யார் நினைத்தார், யார் செய்தார், எப்போது, யாருக்காக என்ற நான்கு கேள்விக்கும் முதல் தடயம் அங்கேதான் கிடைக்கும். ஒரே அழகுள்ள இரண்டு பொருட்களில் ஒன்று நாலு டாலருக்கும் இன்னொன்று லட்சம் டாலருக்கும் போவது இந்தக் கேள்விகளால்தான்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். தமிழில் கண்ணாடி என்றால் முகம் பார்ப்பதும் மூக்கில் போடுவதும் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது உருகிய கண்ணாடியை ஊதியோ வார்த்தோ செய்த கலைப்பொருள். அதிலும் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று பட்டறைக் கண்ணாடி: வெனினி, ஃபின்லாந்தின் ஈட்டாலா போன்ற நிறுவனங்களில் வடிவமைப்பாளர் வரைந்து கொடுப்பார், தேர்ந்த தொழிலாளர்கள் ஊதுவார்கள். ஸ்கார்ப்பா ஒரு கட்டடக் கலைஞர். அவருடைய குடுவைகளை ஊதியவர்கள் முரானோவின் ஆசான்கள். இன்னொன்று ஸ்டூடியோ கண்ணாடி: கலைஞரே தன் சிறிய உலையில் தானே நினைத்து, தானே செய்வது. இன்று ஏலப்பட்டியல்களில் இரண்டும் அடுத்தடுத்த பக்கங்களில் வரும். ஆனால் இரண்டாவது குடும்பத்துக்கு வயது அதிகமில்லை. அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால், ஏன் ஒவ்வொரு பொருளுக்கும் தனி முகம் இருக்கிறது என்று புரியும்.

ஒரு கார் கொட்டகையில் தொடங்கியது

1962 வரை, உருகிய கண்ணாடி என்றாலே தொழிற்சாலை. டன் கணக்கில் உருக்கும் உலை, பத்துப் பேர் கொண்ட குழு, இரவும் பகலும் அணையாத நெருப்பு. ஒரு குயவர் தன் வீட்டுக் கொல்லையில் சூளை வைத்துக்கொள்வதைப் போலக் கண்ணாடிக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். ஹார்வி லிட்டில்டன் நம்பவில்லை. அவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்தவர், ஆனால் பிறந்தது கண்ணாடி ஊரான கார்னிங்கில். அப்பா கார்னிங் கண்ணாடி நிறுவனத்தின் இயற்பியலாளர். அப்பா கொண்டுவந்து கொடுத்த, பாதியாக அறுத்த பேட்டரிக் கண்ணாடி ஜாடியில் அம்மா கேக் சுட்டுப் பார்த்ததுதான் சூடு தாங்கும் பைரெக்ஸ் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு வழிவிட்டது. அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஆசை வந்ததில் வியப்பில்லை.

1962 மார்ச்சில், ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ கலை அருங்காட்சியகம் தன் வளாகத்திலிருந்த கார் கொட்டகையை அவருக்குக் கொடுத்தது. சிறிய உலை கட்டினார்கள், மூலப்பொருளைப் போட்டார்கள். முதல் உருக்கு சரியாக வரவில்லை. அப்போது கைகொடுத்தவர் டொமினிக் லபீனோ, ஜான்ஸ் மான்வில் நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவர். கண்ணாடி இழை தயாரிக்க அவர் நிறுவனம் வைத்திருந்த சிறிய கண்ணாடிக் கோலிகளைக் கொண்டுவந்து உலையில் போடச் சொன்னார். அந்தக் கலவை குறைந்த வெப்பத்திலேயே உருகியது, ஊதுவதற்கு வாகாக இழைந்து கொடுத்தது. சரி, உருகிவிட்டது, ஊதுவது எப்படி? கூடியிருந்த யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. அதே ஊரின் லிப்பி கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றிருந்த ஹார்வி லீஃப்கிரீன் ஊதுகுழலை வாங்கிக் காட்டிக் கொடுத்தார். அவர் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். கலைஞர்களின் இயக்கம் என்று நாம் கொண்டாடுவதன் தொடக்கத்தில் ஒரு தொழிலாளியின் மூச்சு இருக்கிறது.

லிட்டில்டனின் மாணவர்கள் நாடெங்கும் பரவினார்கள். அவர்களில் அதிகம் பேசப்படுபவர் டேல் சிஹூலி. 1968-இல் உதவித்தொகை பெற்று வெனினி பட்டறைக்குப் போனார். அங்கே ஒருவர் சுழற்ற, ஒருவர் ஊத, ஒருவர் வெட்ட, குழுவாக வேலை நடப்பதைக் கண்டார். 1971-இல் சியாட்டிலுக்கு வடக்கே பில்சக் கண்ணாடிப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1976-இல் இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில் இடது கண் பார்வை போயிற்று. மூன்று ஆண்டு கழித்துத் தோள் மூட்டு நழுவியது. அதற்கப்புறம் அவர் ஊதுவதை விட்டுவிட்டார். அவர் வரைவார், நின்று நடத்துவார், குழு செய்யும். ஆக, கலைஞரே தன் கையால் செய்வது என்று தொடங்கிய இயக்கத்தின் மிகப் பெரிய பெயர் மறுபடி முரானோ முறைக்கே திரும்பியது. 'சிஹூலி' என்று கையெழுத்திட்ட பொருளை வாங்குபவர் இதைத் தெரிந்து வாங்க வேண்டும்.

முரானோவும் இந்தப் பக்கம் வந்தது. 1291-இல் வெனிஸ் குடியரசு தன் கண்ணாடி உலைகளை அந்தத் தீவுக்கு மாற்றியது. தொழில் ரகசியம் வெளியே போய்விடும் என்று ஆசான்கள் ஊரைவிட்டுப் போவதைக்கூடத் தடுத்தார்கள். அந்த மரபில் வந்த லீனோ தாலியாபியெத்ரா 1979-இல் பில்சக் போய், தெரிந்ததையெல்லாம் அமெரிக்க இளைஞர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். செக் நாட்டில் ஸ்டானிஸ்லாவ் லிபென்ஸ்கி, யாரோஸ்லாவா பிரிக்தோவா தம்பதி ஊதுவதை விட்டு அச்சில் வார்க்கும் வழியில் போனார்கள். கனத்த கண்ணாடிக்குள் வெளிச்சம் எங்கே அடர்ந்து எங்கே மெலிகிறது என்பதே அவர்களின் சிற்பம். எனக்கு எல்லாரையும்விட அவர்கள்தான் நெருக்கம்.

தொப்புள்

ஒரு குடுவை ஊதப்படும் விதத்தைத் தெரிந்துகொண்டால் அதன் அடியைப் படிக்கலாம். ஆசான் ஆளுயர இரும்புக் குழலின் நுனியில், உலையிலிருந்து உருகிய கண்ணாடியைத் தேன் எடுப்பதுபோலச் சுற்றி எடுக்கிறார். இரும்புத் தட்டில் உருட்டிச் சீராக்குகிறார். மூச்சைக் கொடுக்கிறார், குமிழ் விரிகிறது. கை ஒரு நொடிகூடச் சும்மா இருக்காது. சுழற்றுவதை நிறுத்தினால் கண்ணாடி ஒரு பக்கமாகத் தொங்கிவிடும். வடிவம் வந்ததும், குமிழின் அடியில் இன்னொரு இரும்புக் கம்பியைச் சிறிது சூடான கண்ணாடியால் ஒட்டுகிறார்கள். இப்போது ஊதுகுழலைத் தட்டிப் பிரித்துவிடலாம். குழல் இருந்த பக்கம் வாயாகிறது. அதை மறுபடி உலையில் காட்டி, விரித்து, வழுவழுப்பாக்குகிறார்கள். கடைசியில் அடிக் கம்பியையும் தட்டிப் பிரிக்கிறார்கள். அது விட்டுப்போகும் தழும்புதான் தொப்புள். சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள், சிலர் தேய்த்து மெருகேற்றுவார்கள். பிறகு பொருள் ஆற்றும் உலைக்குப் போகும். 500 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலிருந்து மெல்ல மெல்லக் குளிர வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, என்றோ ஒருநாள் யாரும் தொடாமலே வெடிக்கும்.

அந்தத் தொப்புளைச் சுற்றித்தான் அடையாளங்கள் இருக்கும். வெனினி நீண்ட காலம் அமிலத்தால் பொறித்த சிறிய முத்திரை வைத்தது. பிற்காலத்தில் கையால் கீறி எழுதியது. ஈட்டாலாவுக்காக வடிவமைப்பாளர் தாப்பியோ விர்க்கலா வரைந்து கொடுத்தவற்றில் அவர் பெயரும் எண்ணும் கீறப்பட்டிருக்கும். ஸ்டூடியோ கலைஞர்கள் பெரும்பாலும் பெயரையும் ஆண்டையும் தாங்களே கீறிவிடுவார்கள். இப்படி எழுதியிருந்தால் போதுமா? போதாது. பெயரைக் கீற ஒரு சின்னக் கருவி போதும், யார் வேண்டுமானாலும் கீறலாம். அமில முத்திரையைத் தேய்த்து அழிக்கவும் முடியும். முத்திரை சொல்வதைப் பொருளின் எடையும், நிறமும், தொழில்நுட்பமும் ஆமோதிக்க வேண்டும். அடியில் உண்மையான உபயோகக் கீறல்கள் இருந்தால், மேசை தொட்ட விளிம்பில் மட்டும் தாறுமாறாக இருக்கும். செயற்கையாகப் பழசாக்கியதில் பெரும்பாலும் எல்லாம் ஒரே திசையில் ஓடும்.

நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கியது ஒரு சிறிய பூச்சாடி, இணையத்தில் ஒருவரிடம். படத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. கைக்கு வந்ததும் வாய் விளிம்பில் விரலை ஓட்டினேன். முக்கால் வட்டம் உதடுபோல உருண்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. மீதிக் கால் வட்டம் தட்டையாக, நகத்தைச் சொரசொரவென்று பிடித்தது. உடைந்த இடத்தை யாரோ தேய்த்து மட்டமாக்கியிருந்தார்கள். நெருப்பில் வழுவழுத்த விளிம்பும் கல்லில் தேய்த்த விளிம்பும் விரலுக்கு வேறு வேறு. இதைப் படம் சொல்லாது. கண்ணாடியில் சேதம் எவ்வளவு கொடியது என்பதற்கு அந்த 3.99 டாலர் குடுவையே சாட்சி. அதில் ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தால்கூடப் பத்தாயிரம் டாலருக்குக் கீழேதான் போயிருக்கும் என்று ஏல நிறுவனத்தின் ரிச்சர்ட் ரைட்டே சொன்னார். மரத்தில் கீறல் விழுந்தால் வயதின் அழகு என்று சொல்லலாம், கண்ணாடிக்கு அந்தச் சலுகை இல்லை.

நாற்காலிக்கும் அடி உண்டு

மரச்சாமான்களில் வடிவமைப்பாளர் பெயர் எப்படி விலையாகிறது என்பதற்கு ஒரு பழைய நாற்காலியைச் சொல்வார்கள். வடிவமைப்பாளர் எய்லீன் கிரே 1910-களின் முடிவில் செய்த, கைப்பிடியில் டிராகன்கள் சுருண்ட சாய்விருக்கை. 2009-இல் பாரிஸில், ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லொரானின் சேகரிப்பை கிறிஸ்டீஸ் ஏலம் விட்டபோது 20 முதல் 30 லட்சம் யூரோ என்று மதித்திருந்தார்கள். போனது 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்கு. ஒரே ஒரு பொருள், செய்தவர் கையும் தெரியும், முதலில் யார் வீட்டில் இருந்தது என்றும் தெரியும், கடைசியாக யார் வீட்டில் இருந்தது என்றும் தெரியும். உரிமை வரலாறு என்று இத்துறையில் சொல்வது இதைத்தான்.

அந்த வரலாறு எவ்வளவு வலுவானது என்று பார்க்க, 2016-இல் சாதபீஸ் நடத்திய, பாடகர் டேவிட் போவி சேகரிப்பின் ஏலத்தைப் பாருங்கள். எத்தோரே சோத்சாஸ் 1969-இல் ஒலிவெட்டி நிறுவனத்துக்காக வடிவமைத்த சிவப்பு 'வாலண்டைன்' தட்டச்சு இயந்திரம் ஒன்று அதில் வந்தது. ஏராளமாகத் தயாரான பொருள். 300 முதல் 500 பவுண்டு என்று மதித்தார்கள். 45,000 பவுண்டுக்குப் போனது. இயந்திரத்துக்குச் சில நூறு, அதைத் தட்டிய விரல்களுக்கு மீதி.

அருமை என்பதையே திட்டமிட்டு உண்டாக்குவதும் உண்டு. மார்க் நியூசனின் 'லாக்ஹீட் லவுஞ்ச்' சாய்வுப் படுக்கை கண்ணாடியிழை உடம்பின் மேல் அலுமினியத் தகடுகளை ஆணி அடித்துப் பொருத்தியது. விற்கப் பத்து, கலைஞர் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் பிரதி நாலு, ஒரு முன்மாதிரி, அவ்வளவுதான். 2015-இல் ஒன்று லண்டனில் ஃபிலிப்ஸ் ஏலத்தில் 24 லட்சம் பவுண்டைத் தாண்டியது. மறுபக்கம், சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியின் 1956-ஆம் ஆண்டுச் சாய்வு நாற்காலியை உரிமம் பெற்ற நிறுவனம் இன்றும் செய்துகொண்டிருக்கிறது. அங்கே கேள்வி எந்தக் காலத்துத் தயாரிப்பு என்பது. தொடக்க காலத்தில் பிரேசில் ரோஸ்வுட் மேல்தகடு போட்டார்கள். 1992-இல் அந்த மரம் பன்னாட்டு வாணிபத் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. பழைய நாற்காலியை நாடு விட்டு நாடு அனுப்பச் சான்றிதழ் வேண்டும். ஏலத்தில் ஜெயித்துவிட்டு, பொருளைக் கொண்டுவர முடியாமல் தவிப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

இப்போது நம் ஊர்ப் பக்கம் உண்மையாகவே தொடும் இரண்டு கதைகள்.

ஜார்ஜ் நகஷிமா, ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த கட்டடக் கலைஞர். 1930-களில் தோக்கியோவில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்டிடம் வேலை பார்த்தார். அரவிந்தர் ஆசிரமத்துக்காகப் புதுச்சேரியில் ரேமண்ட் வடிவமைத்த கோல்கொண்டா விடுதியின் கட்டுமானத்தைப் பார்த்துக்கொள்ள 1937-இல் வந்து இரண்டு ஆண்டு தங்கினார். ஆசிரமவாசியாகவே ஆகி, அரவிந்தரிடம் சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அந்த விடுதிக்கு மரச்சாமான்களும் வடிவமைத்தார். அமெரிக்கா திரும்பியதும் போர் வந்தது. ஜப்பானிய அமெரிக்கர்களோடு அவரையும் மனைவி, கைக்குழந்தையோடு இடாஹோவின் மினிடோகா முகாமில் அடைத்தார்கள். அங்கேயும் ஒரு ஜப்பானியத் தச்சரிடம் உளி பிடிக்கக் கற்றார். 1943-இல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே எடுத்தார். அப்புறம் பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் பட்டறை போட்டு, 1990-இல் இறக்கும்வரை மரத்தின் வெடிப்பையும் வளைவையும் அப்படியே விட்டு மேசைகள் செய்தார். வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க வண்ணத்துப்பூச்சி வடிவ ஆப்பு வைப்பது அவர் பாணி.

அவருடைய பழைய மேசைகள் பலவற்றில் கையெழுத்து இருக்காது. ஆனால் கீழே குனிந்து பார்த்தால், அடியில் கறுப்பு மையில் ஒரு குடும்பப் பெயர் எழுதியிருக்கும். அது வாங்கியவரின் பெயர்! பட்டறையில் யாருடைய மேசை எது என்று குழம்பாமலிருக்க எழுதி வைத்தது. இன்று ஏலக்காரருக்கு அதுதான் பொன். வாங்கியவர் வைத்திருந்த ஆர்டர் சீட்டோ பட்டறையின் பதிவோ கிடைத்து, அந்தப் பெயரோடு பொருந்தினால் வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது சண்டிகர். 1950-களில் பஞ்சாபின் புதுத் தலைநகராக அது எழும்பியபோது, நகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவின் ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ழான்ரே அங்கேயே தங்கி, 1965 வரை வேலை பார்த்தார். செயலகம், நீதிமன்றம், கல்லூரி, விடுதி எல்லாவற்றுக்கும் நாற்காலி மேசை வேண்டும். தேக்கிலும் சீசம் மரத்திலும், பிரம்பு பின்னி, கவிழ்த்த 'வி' போன்ற காலோடு செய்தார்கள். ஒரே தொழிற்சாலையில் செய்யவில்லை, பல உள்ளூர்ப் பட்டறைகளில் தச்சர்கள் செய்தார்கள். அதனால் அளவுகள்கூட நாற்காலிக்கு நாற்காலி மாறும். பல பத்தாண்டுகள் குமாஸ்தாக்கள் உட்கார்ந்தார்கள், கால் ஆடிற்று, பிரம்பு கிழிந்தது. அலுவலக மாடியிலும் கொல்லையிலும் குவிந்தன. அரசே கழிவுச் சாமான் ஏலத்தில் தள்ளிவிட்டது. பிரெஞ்சு வியாபாரிகள் அள்ளிக்கொண்டு போய், சீர்செய்து, பாரிஸிலும் நியூயார்க்கிலும் லட்சக்கணக்கான ரூபாய் மதிப்பில் விற்றார்கள். இதில் சட்ட மீறல் எதுவும் இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டு ஆன பொருளைத்தான் காக்கிறது. இந்த நாற்காலிகளுக்கு அந்த வயது இன்னும் ஆகவில்லை. 2011-இல்தான் மத்திய உள்துறை அமைச்சகம் இவற்றை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. அடுத்த ஆண்டு எண்ணிப் பார்த்ததில் 12,793 பொருட்கள் மரபுச் சாமான்களாகக் கணக்கில் வந்தன.

இந்த நாற்காலிகளின் பின்சட்டத்திலோ அடியிலோ வெள்ளைப் பெயின்டில் துறையின் பெயர்ச் சுருக்கமும் வரிசை எண்ணும் எழுதியிருக்கும். நம் அரசு அலுவலகம் எதிலும் பார்க்கும் அதே எழுத்துதான். அந்த ஒரு வரிக்காகத்தான் வெளிநாட்டில் காசு கொடுக்கிறார்கள். அதனாலேயே போலிகளிலும் அந்த எழுத்து கச்சிதமாக இருக்கிறது. பட்டறைக்குப் பட்டறை வேறுபட்ட பொருளில் எது அசல் என்று சொல்வது கடினம் என்பது போலி செய்பவருக்கு வசதி. எனக்கு இதில் ஒரு குறை உண்டு. ஏலப்பட்டியலில் 'பியேர் ழான்ரே' என்று ஒரே பெயர் வருகிறது. அவரோடு சேர்ந்து மரச்சாமான் வடிவமைப்பில் உழைத்த யூலி சவுத்ரி போன்ற இந்தியக் கட்டடக் கலைஞர்களும், பெயரே பதியாத தச்சர்களும் அடிக்குறிப்பாகக்கூட வருவது அபூர்வம். யார் செய்தது என்ற கேள்வியில் விலை தொங்கும் துறையில் இது சின்ன விஷயமல்ல.

ஒரு தரம், இரண்டு தரம்

மீன் இறங்குதளத்திலோ கோயில் குத்தகையிலோ ஏலம் பார்த்தவருக்கு இந்த ஏலம் அந்நியமில்லை. அங்கே மூன்று தரம் சொல்லி முடிப்பதை இங்கே சுத்தியல் தட்டி முடிக்கிறார்கள். தெரிந்துகொள்ள வேண்டியது அதைச் சுற்றியுள்ள கணக்கு.

பொருளின் உரிமையாளர் அதை ஏல நிறுவனத்திடம் ஒப்படைக்கிறார். நிறுவனம் ஆராய்ந்து, கீழ்மதிப்பு மேல்மதிப்பு என்று இரண்டு எண் போடும். இதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று உரிமையாளரோடு பேசி வைப்பது ரிசர்வ் விலை. அது ரகசியம், வழக்கமாகக் கீழ்மதிப்பைத் தாண்டாது. ஏலத்தில் கேட்கும் தொகை அதுவரை ஏறாவிட்டால் பொருள் விற்காமல் திரும்பும். திரும்பிய பொருளை அடுத்த முறை கொண்டுவந்தால் வாங்குவோர் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். அதனால்தான் நல்ல நிறுவனங்கள் மதிப்பைக் கொஞ்சம் தாழ்த்தியே போடுகின்றன. குறைந்த எண்ணைப் பார்த்து நாலு பேர் வந்தால்தான் போட்டி சூடு பிடிக்கும்.

சுத்தியல் விழுந்த தொகை நீங்கள் கட்டும் தொகை ஆகாது. அதன்மேல் வாங்குவோர் கட்டணம் என்று நிறுவனம் நூற்றுக்கு இருபத்தைந்து, முப்பது வரை சேர்க்கும். ஸ்கார்ப்பா குடுவைக்குச் சுத்தியல் 85,000 டாலரில் விழுந்தது. 26 விழுக்காடு சேர்ந்து 1,07,100 ஆயிற்று. விற்ற பெண்ணின் கைக்குச் சுமார் 83,500 வந்தது. செய்தித்தாளில் வரும் விலை பெரும்பாலும் கட்டணம் சேர்த்தது, முன்மதிப்பு கட்டணம் சேர்க்காதது. இரண்டையும் பக்கத்தில் வைத்து 'மதிப்பைவிட இவ்வளவு அதிகம்' என்று கணக்குப் போட்டால் தப்பாகும். அப்புறம் வரி, கண்ணாடியைப் பொதிந்து அனுப்பும் செலவு, காப்பீடு, நம் நாட்டுக்கு வந்தால் சுங்கம். மலிவான பொருளுக்கு இந்தச் சில்லறைகளே பொருளின் விலையைத் தாண்டிவிடும். ஏலம் கேட்கும் முன்பே ஒரு தாளில் எல்லாவற்றையும் கூட்டி, அதிலிருந்து பின்னோக்கி வந்து நீங்கள் கேட்கக்கூடிய உச்சத் தொகையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறையின் சூட்டில் அந்தத் தாள்தான் துணை.

புதிதாக வருபவர்களுக்கு ஸ்டூடியோ கண்ணாடி நல்ல வாசல் என்று நான் நினைக்கிறேன். கலைக்கூடத்தில் புதிதாக வாங்கிய ஸ்டூடியோ கண்ணாடி ஏலத்துக்கு வரும்போது பெரும்பாலும் வாங்கிய விலைக்குப் போவதில்லை. முதலீடு என்று நினைத்து வாங்கியவருக்கு அது வருத்தம், இரண்டாவது கையாக வாங்க வருபவருக்கு வசதி. ஓவியத்தில் இதே தரத்துக் கலைஞரைத் தொடக்கூட முடியாத காசில், இங்கே கையெழுத்தோடு, நல்ல காலத்து வேலை ஒன்று கிடைக்கும். ஒரே கலைஞரை எடுத்து, அவர் பொருட்கள் கடந்த சில ஆண்டுகளில் எங்கெங்கே என்ன விலைக்குப் போயின என்று ஏல நிறுவனங்களின் இணையப் பதிவுகளில் பார்த்து வாருங்கள். விற்காமல் திரும்பியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள், அவைதான் அதிகம் சொல்லிக் கொடுக்கும்.

வாங்க நினைக்கும் பொருளுக்கு நிலை அறிக்கை கேளுங்கள், இலவசமாகத் தருவார்கள். கண்ணாடி என்றால் விளிம்பைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம், அடியின் படம், உள்ளே நீர் நின்ற வெள்ளைப் படிவு இருக்கிறதா என்ற பதில். மரம் என்றால் மெருகு பழையதா, கால்கள் மாற்றியவையா, திருகாணிகள் அந்தக் காலத்தவையா, பிரம்பு எப்போது பின்னியது என்ற பதில். பிரம்பு மாறியிருப்பது குற்றமில்லை, தேய்கிற பொருள்தானே. மரத்தை உரித்துப் பளபளவென்று புதிதுபோல ஆக்கியிருந்தால்தான் நான் பின்வாங்குவேன், ஐம்பது வருடத்துக் கை பட்ட நிறம் அதோடு போய்விடுகிறது.

முடிந்தால் நேரில் போங்கள். ஏலத்துக்கு முந்தைய சில நாட்கள் பொருட்களைப் பார்வைக்கு வைப்பார்கள். அநேகமாக நுழைவுக் கட்டணம் இருக்காது, வாங்க வந்தீர்களா என்று யாரும் கேட்க மாட்டார்கள். நீங்களாகத் தொடாதீர்கள். அருகில் நிற்கும் ஊழியரிடம் சொன்னால், மோதிரத்தைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் குடுவையை எடுத்து, துணி விரித்த மேசையில் சாய்த்து, அடியைக் காட்டுவார்.